இந்திரா கோயிலுக்கு வராத நாள்

ஒஸ்லோவில், புருசெத்தில் எங்கள் கட்டடத்தில் இந்திராவின் வீடு என் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அவள் நடந்தால் எனக்குக் கீழே கேட்கும். காலையில் குசினிக்குள், அதுதான் சமையலறைக்குள், வேகமாக நடந்தால் அவளுக்கு வேலை நாள். மெதுவாக நடந்தால் லீவு. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் மனசு சரியில்லை என்று அர்த்தம். போன வருசம் மாரி முழுக்க அவள் ஒரே இடத்தில்தான் நின்றாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பெண்களுடைய விசயம், வெளியில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். அவள் யோசிக்கவே இல்லை. "எழுதுங்கோ அக்கா. என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ. இன்னொருத்தி என்னை மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது" என்றாள்.

இந்திரா யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பிள்ளை. பெண்ணுக்கு மாப்பிள்ளை வெளிநாட்டில் என்று பேசிச் செய்த கலியாணம். மாப்பிள்ளை ஜெயரத்தினம் அப்போது நோர்வேயின் வட முனையில், ஹம்மர்பெஸ்ட்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். இவள் விமானம் மாறி மாறி வந்து அங்கே இறங்கியது கார்த்திகை மாதம். சூரியன் வெளியே வராத காலம் அது. வந்து இறங்கியவள் கணவனிடம் முதலில் கேட்டது, "இஞ்சை எப்ப விடியும்?" என்றுதானாம். "தையிலை" என்று அவர் சொன்னாராம். பகிடி விடுகிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள்.

அந்த இருட்டுக்குள்தான் அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கியது. சில வாரத்திலேயே அது இல்லாமலும் போனது. பிறகு ஒன்றும் தங்கவில்லை. ஒஸ்லோவுக்கு வந்தபின் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய குறை ஒன்றும் இல்லை, பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருந்து பொறுத்திருந்து அவளுக்கு வயது முப்பத்தேழு ஆகிவிட்டது.

அவளுக்கு வேலை குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில். இந்த ஊரில் அதை பார்னஹாகெ என்பார்கள். பனிக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தடித்த உடுப்புப் போட்டு, சப்பாத்துக் கட்டி, கையுறை மாட்டி வெளியே விடுவதும், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே எடுப்பதும் அவளுடைய பாடு. பிள்ளை இல்லையா என்று புதிதாக யாரும் கேட்டால், "இருக்கினம், ஒரு வகுப்புப் பிள்ளையள். பின்னேரம் எல்லாரையும் தாய்மாரிட்டைத் திருப்பிக் குடுத்திட்டு வாறனான்" என்பாள். கேட்டவர்கள்தான் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஊரில் சண்டை நின்று பாதை திறந்த பிறகு, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், அவள் ஊருக்குப் போனாள். ஜெயரத்தினத்துக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனாள். போகும்போதே ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும், ஒரு நாளும் விடாமல், கந்தனுடைய வாசலில் நின்று பிள்ளை கேட்பது என்று.

திரும்பி வந்தவள் கறுத்து மெலிந்திருந்தாள். முகம் மட்டும் விளக்கேற்றினது போல் இருந்தது. அந்த மாதம் அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

இதை நான் எப்படிச் சொல்வது? கந்தனிடம் பிள்ளை கேட்டுவிட்டு வந்தவளுக்கு வரவேண்டியது வராமல் நின்றால் அவள் என்ன நினைப்பாள்? யாருக்கும் சொல்லாமல் எனக்கு மட்டும் சொன்னாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் வாங்கிச் சோதித்துப் பார்த்தாள். இல்லை என்று காட்டியது. சோதனை பிழை என்றாள். இன்னொன்று வாங்கினாள். அதுவும் இல்லை என்றது. "நல்லூரான் தந்ததை இந்தப் பிளாஸ்ரிக்குக்கு எப்பிடி அக்கா தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். நானும் அவளோடு சேர்ந்து நம்பினேன். கடவுளால் முடியாது என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்தபோது அவள் தன் குடும்ப வைத்தியரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், உயரமான நோர்வேக்காரர். எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி ஆறுதலாகக் கதைப்பார். பிள்ளை இல்லை என்று அவரும் உறுதியாகச் சொன்னார். ஏதாவது மருந்து பாவிக்கிறாயா என்று கேட்டார். இவள் இல்லை என்றாள். பயணம், களைப்பு, கவலை இதனாலும் வராமல் நிற்கலாம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வராவிட்டால் பெரிய வைத்தியரிடம் அனுப்புகிறேன் என்றார். கடைசியில், சில பெண்களுக்கு நாற்பதுக்கு முன்பே முழுவதுமாக நின்றுவிடுவதும் உண்டு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன அத்தனைக்குள்ளும் இவள் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்துதான் மேலே நடமாட்டம் நின்றது.

பெரிய வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் செண்பகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். செண்பகம் இந்தியத் தமிழ்ப் பெண், திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஞானசேகரன் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒஸ்லோவுக்கு வந்தவர், குரோருட்டில் இருந்தார்கள். அந்தப் பெண் ஊரில் ஹோமியோபதி காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவள். இங்கே கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தபடி, தெரிந்தவர்கள் கேட்டால் மருந்து கொடுப்பாள். இந்திராவுக்குத் துணையாக நானும் போனேன்.

இந்திரா "டொக்டர்" என்று கதையைத் தொடங்கினாள். அந்தப் பெண் உடனே மறித்தாள். "அப்படிக் கூப்பிடாதீங்கக்கா. ஊர்லதான் நான் டாக்டர். இந்த நாட்டுல நான் டாக்டர் இல்ல. நீங்க பார்க்கிற டாக்டரை விட்டுடாதீங்க, அவர் ஒரு பக்கம் பார்க்கட்டும், நான் ஒரு பக்கம் பார்க்கிறேன்." அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துக்கொண்டது. நம்பலாம் என்று தோன்றியது.

அவள் கேட்ட கேள்விகளை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை. தாகம் எப்படி, நித்திரையில் எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய், கால் குளிருமா கை குளிருமா, இடி மின்னலுக்குப் பயமா, மழையில் நனைந்தாயா, எதையாவது கண்டு திடுக்கிட்டாயா. ஏன் இதெல்லாம் என்று நான் கேட்டபோது பொறுமையாகச் சொன்னாள். மாதவிடாய் நிற்பது எல்லாப் பெண்ணுக்கும் ஒரே காரணத்தால் இல்லையாம். ஒருத்திக்குப் பயத்தால் நிற்கும், ஒருத்திக்கு ஈரத்தில் நின்றதால், ஒருத்திக்கு இரத்தம் குறைந்து போய், ஒருத்திக்குத் துக்கத்தால். எதனால் என்று கண்டுபிடித்து, ஆளுக்கு ஏற்ற மருந்து கொடுப்பதுதான் அவர்கள் படித்த முறையாம்.

"அழுகை வந்தா பக்கத்துல யாராவது இருக்கணும்னு தோணுமா, தனியா இருக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஆள் இருந்தால் நான் அழமாட்டன். வந்த ஆளுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்பிப்போட்டுத்தான் அழுவன்" என்றாள் இந்திரா.

"உப்பு பிடிக்குமா?"

"உப்பில்லாட்டி எனக்குச் சோறு இறங்காது."

செண்பகம் தலையை ஆட்டினாள். பிறகு ஊருக்குப் போனதைக் கேட்டாள். கோண்டாவில் வீட்டுக்குக் கூரை இல்லை, குசினி இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது என்று இந்திரா சொன்னாள். தாய் இடம்பெயர்ந்து வன்னியில் கண் மூடியதைச் சொன்னாள். கொள்ளி வைத்த இடம்கூடத் தெரியாது என்றாள். அவ்வளவும் சொல்லும்போது அவள் அழவில்லை. எத்தனையோ வருசம் மேல் மாடியில் இருந்தும் இதையெல்லாம் அவள் எனக்கு இப்படிக் கோர்வையாகச் சொன்னதில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் சொல்லவும் வரும் போலிருக்கிறது.

வேறு ஏதும் மருந்து எடுத்தீர்களா, இப்போதோ முந்தியோ என்று செண்பகமும் கேட்டாள். தலையிடிக்கு ஒரு பரசிற்றமோல், வேறொன்றும் இல்லை என்றாள் இந்திரா.

கொடுத்த மருந்து உப்பிலிருந்து செய்வதாம். துக்கத்தை உள்ளே பூட்டி வைப்பவர்களுக்குப் பொருந்துமாம். சீனி மாதிரிச் சின்ன வெள்ளை உருண்டைகள். காலையில் நாக்கில் வைக்க வேண்டும். கோப்பி குடிக்கக் கூடாது, கற்பூர வாசம் ஆகாது, மருந்தின் குணம் போய்விடும் என்றாள்.

அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. இந்திரா வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் முருகன் கோயிலுக்கு வருபவள். கற்பூரம் காட்டாமல் பூசை உண்டா? தீபாராதனைக்கு மணி அடிக்கத் தொடங்கியதும் இவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிவாசலுக்கு ஓடுவாள். குளிரில் நின்று, மணி ஓய்ந்தபின் உள்ளே வருவாள். இதைக் கோயில் சமையலைப் பார்க்கும் கிருஷ்ணகுமாரி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கிருஷ்ணகுமாரி மனசால் கெட்டவள் இல்லை. கண்தான் கொஞ்சம் கூர். எங்கள் பெண்கள் மாதத்தில் அந்த நாட்களில் கோயிலுக்கு வரமாட்டார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை; வராவிட்டால் அதுதான் என்று விளங்கிக்கொள்வோம். கிருஷ்ணகுமாரிக்கு எந்தப் பெண் எந்தக் கிழமை வரமாட்டாள் என்பது மனப்பாடம், சமையலுக்கு ஆள் வேண்டுமே. இந்திரா ஒரு வெள்ளியும் விடாமல் வருகிறாள். அதோடு வாசம் பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். கிருஷ்ணகுமாரிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு வெள்ளிக்கிழமை, மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்து இந்திராவின் கையில் வைத்து, "வாய்க்குப் பிடிச்சதைச் சாப்பிடு பிள்ளை. பாரம் தூக்காதை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்திரா அந்தப் போத்தலை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். "இது உங்களிட்டை இருக்கட்டும் அக்கா. என்ரை குசினியிலை இருந்தால் நான் பாத்துக்கொண்டே நிப்பன்."

கதை ஆண்கள் பக்கமும் போய்விட்டது. கோயில் வாசலில் நாலு பேர் ஜெயரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து, ஜாக்கெட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, "ஆக்கள் கேட்டினம். நான் சிரிச்சுப்போட்டு வந்திட்டன். நீரும் சிரியும், இந்திரா" என்றாராம். அந்த மனிதரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை.

உருண்டை முடிந்தது. மாதவிடாய் வரவில்லை. பங்குனியில் மறுபடி செண்பகத்திடம் போனோம். உள்ளே போய் இருந்ததும் இந்திரா முதல் வேலையாகத் தன் பிழையைச் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை ஐயர் கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்துவிட்டார், ஒதுங்க முடியவில்லை, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதனால்தான் மருந்து பலிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

செண்பகம் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ அக்கா, ஒரு தடவை ஆரத்தி எடுத்துக்கிட்டதால ஒண்ணும் ஆகாது. இந்தக் குளிர்லயா வெளிய போய் நின்னீங்க?" சிரித்து முடிந்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். மூடினாள். வேறு மருந்து ஒன்றைச் சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லூர்த் திருவிழாவைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். பார்த்ததில்ல. எப்படியிருக்கும், சொல்லுங்களேன்" என்றாள்.

நோயை விட்டுவிட்டுத் திருவிழாவைக் கேட்டதும் இந்திராவுக்கு வேறு முகம் வந்தது. விடியமுன் எழும்பி, முழுகி, ஈரச் சேலையோடு கோயில் வீதிக்குப் போவது. மணலில் அடி அளித்து, ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டுக்கொண்டு வீதி சுற்றுவது. முழங்காலில் மணல் ஒட்டியிருப்பதைத் தட்டாமலே உள்ளே போய் நிற்பது. மஞ்சம், சப்பறம், தேர். தேரன்று சனத்துக்குள் தன் செருப்பு எங்கே போனதென்று தெரியாமல் வெறுங்காலோடு சிற்றம்மா வீட்டுக்கு வந்தது. "கொடியேத்தத்திலை இருந்து கடைசிப் பூங்காவனம் வரைக்கும் ஒரு நாள் நான் விடேல்லை, தங்கச்சி. ஒரு நேரம் விடேல்லை" என்றாள்.

செண்பகம் குழந்தையின் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசையில் வைத்தாள். நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். "இருபத்தஞ்சு நாளும் கோயிலுக்குள்ள போனீங்களா?"

"ஓம். அதுதானே நேர்த்தி."

"அந்த மூணு நாள்?"

"எந்த மூண்டு நாள்?"

"நடுவுல உங்களுக்கு வரவேண்டியது வந்திருக்குமே, அக்கா. அப்ப எப்படிப் போனீங்க?"

"ஓ, அதுவா" என்றாள் இந்திரா, சர்வசாதாரணமாக. "அதுக்கு ஊசி போட்டனான்தானே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்திராவுக்கும் விளங்கவில்லை, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்தாள். எங்கள் பெண்களுக்குத் திருவிழாவுக்குக் குளிசை, அதாவது மாத்திரை, போட்டு மாதவிடாயைத் தள்ளிவைக்கும் பழக்கம் உண்டு. இந்திராவும் இங்கே கோயில் திருவிழாவுக்குப் போட்டிருக்கிறாள். குளிசையை நிறுத்தினால் இரண்டொரு நாளில் வந்துவிடும். ஊரில் அதைக் கேட்டு ஒரு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே நின்ற பெண், இவ்வளவு நாளுக்குக் குளிசை போடுவது கரைச்சல், ஒரு நாள் மறந்தாலும் எல்லாம் போச்சு, இதற்கென்று ஊசி இருக்கிறது, ஒன்று போட்டால் திருவிழா முடியும்வரை கவலை இல்லை என்று சொல்லி, பின்னறையில் வைத்து இடுப்பில் போட்டுவிட்டிருக்கிறாள். ஊசியும் குளிசை மாதிரித்தான், திருவிழாவோடு அதன் வேலையும் முடிந்தது என்று இந்திரா நினைத்துவிட்டாள்.

"நான் மருந்து எடுத்தீங்களான்னு கேட்டேனேக்கா" என்றாள் செண்பகம். குற்றம் சொல்வது போல இல்லை, மெதுவாக.

"அது மருந்தில்லையே" என்றாள் இந்திரா. "அது கோயிலுக்கு."

இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் பெண்கள் சிரிக்கமாட்டார்கள். நோய்க்குப் போடுவது மருந்து. திருவிழாவுக்கு முன் வீடு கழுவுகிறோம், மீன் காய்ச்சும் மச்சச் சட்டியை ஒதுக்குகிறோம், புதுச்சேலை எடுக்கிறோம். அந்த வரிசையில் குளிசையும் ஒன்று. அதைப் போய் வைத்தியரிடம் யார் சொல்வது? என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

செண்பகம் நாற்காலியை இழுத்து இவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தான் நினைப்பது சரியென்றால் அது கொஞ்சக் காலத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்கிற பெண்களுக்குப் போடும் ஊசி என்றாள். அதன் பலன் மூன்று மாதத்துக்கு என்று சொல்வார்கள், ஆனால் உடம்பை விட்டுப் போகச் சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் எடுக்கும், போனபிறகு எல்லாம் பழையபடி வரும் என்றாள். தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, வைத்தியரிடம் போய் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றாள். "இதுக்கு என் உருண்டை வேண்டாம்க்கா. நான் உங்க துக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். துக்கம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா இதை நிறுத்தினது அது இல்ல."

குரோருட்டிலிருந்து திரும்பி வரும்போது ரெயின் மாறுவதற்காக நிலையத்து வாங்கில் ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் இந்திரா கேட்டாள். "அக்கா, அவர் என்னைப் பாத்து என்ன நினைச்சிருப்பார்? இவள் ஒரு கையாலை பிள்ளை கேக்கிறாள், மற்றக் கையாலை கதவைப் பூட்டிப்போட்டு நிக்கிறாள் எண்டு நினைச்சிருக்கமாட்டாரே?"

அவர் என்று அவள் சொன்னது நல்லூரானை.

"பூட்டினது தெரியாமல்தான் நிக்கிறாய் எண்டும் அவருக்குத் தெரியும்" என்றேன்.

அவள் அழுதாள். பக்கத்தில் நான் இருக்க, ரெயினுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க அழுதாள். செண்பகம் இதைப் பார்த்திருந்தால் புத்தகத்தில் வேறு மருந்து தேடியிருப்பாள்.

அன்று பின்னேரமே ஜெயரத்தினத்திடம் சொல்லிவிட்டாள். தனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். இது ஆம்பிளையளுக்குச் சொல்லுகிற விசயமா என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவர் எழும்பிப் போய் அரிசி கழுவினாராம்.

வைத்தியரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவளைவிட நோர்வே மொழி குறைவு. துணைக்குப் போய் இருந்தேன். கடவுளுக்காக ஊசி போட்டேன் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு எப்படிச் சொல்வதென்று வழி முழுக்க வார்த்தை கூட்டிப் பார்த்தாள். கடைசியில் உள்ளே போய் உள்ளபடியே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. எந்த மாதம் போட்டது, இடுப்பிலா கையிலா என்று கேட்டார். இரத்தம் எடுத்துச் சோதித்தார். முழுவதுமாக நின்றுபோனதற்கு இரத்தத்தில் அடையாளம் இல்லை, அந்த ஊசியாக இருக்கவே இடமுண்டு, கோடை வரைக்கும் பார்ப்போம் என்று அடுத்த முறை சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு இவள், "நீங்கள் மருந்தைத்தானே கேட்டீர்கள்" என்று சொன்னாள். இப்போது எங்கள் பெண்கள் அவரிடம் போனால், திருவிழாவுக்கு ஏதாவது எடுத்தீர்களா என்று தனியாகக் கேட்கிறாராம்.

நின்றுபோகவில்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் சொல்லுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு காத்திருப்பு உண்டு. சித்திரை போனது, வைகாசி போனது. ஒவ்வொரு வெள்ளியும் அவள் கோயிலுக்கு வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை, முன்வரிசையில் நின்று கற்பூரத்தை ஒற்றிக்கொண்டாள். இருந்தும் வீடு திரும்பும்போது முகம் வாடியிருக்கும். கோயிலுக்கு வர முடிவதே அவளுக்குக் கவலையாகிவிட்டது. அவள் வருகிறாள் என்றால் அது இன்னும் வரவில்லை என்றுதானே பொருள். கடவுளுக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுத்த கிழமை இங்கே நிற்க விடாதே என்று கும்பிட்ட ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் கோயில் திருவிழாவும் வந்தது. குளிசை மட்டை ஒன்று அவள் அலுமாரிக்குள் பழையது கிடந்தது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் அதை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். தேரன்று நிறைகுடம் வைக்கும் பொறுப்பு அவளுக்கு. சேலைகூட எடுத்து வைத்திருந்தாள்.

தேர் நாள் காலையில் நான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மேலே நடமாட்டம் கேட்டது. வேகமாகக் குசினிக்கு, அங்கிருந்து அறைக்கு, திரும்பக் குசினிக்கு. கோயிலுக்கு வெளிக்கிடுகிறாள் என்று நினைத்தேன். தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் இண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லை."

ஏன், சுகமில்லையா என்று கேட்க வாய் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. "காலமைதான்" என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லிக் கும்பிடுவதென்று தெரியாமல் நின்றேன்.

கோயிலில் மழைத் தூறலோடு தேர் இழுத்தார்கள். நிறைகுடத்தை நான்தான் வைத்தேன். கிருஷ்ணகுமாரி ஓடி வந்து, இந்திரா எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்றேன். வயிறு தெரியாததைக் கண்டு பிள்ளை என்ற நினைப்பை எப்போதோ விட்டிருந்தவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "தேரும் அதுவுமாய். இவளுக்கென்ன கவலையீனம்? ஒரு குளிசையைப் போட்டிருக்கலாமே" என்று சலித்துக்கொண்டாள்.

"இருந்தது. எறிஞ்சுபோட்டாள்" என்று சொல்லிச் சிரித்தேன். தேர் நாளில் ஏன் இப்படிச் சிரிக்கிறேன் என்று அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த ஊறுகாய்க்கு நான் பிறகு ஒரு நாள் ஆறுதலாகப் பதில் சொல்வேன்.

பின்னேரம் மேலே போனேன். கதவைத் திறந்த இந்திரா இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். முழுகிய தலையில் துவாய் சுற்றியிருந்தது. "கிட்ட வராதையுங்கோ அக்கா, கோயிலாலை வந்தனீங்கள்" என்றாள். அந்தப் பக்கமாக ஒரு கதிரை போட்டிருந்தாள், எனக்கென்று. அவள் ஜன்னலோரம் இருந்தாள். ஜெயரத்தினம் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து முதலில் அவளுக்கும் பிறகு எனக்கும் தந்தார். சீனி கூடிப்போயிருந்தது. இருந்தும் குடித்து முடித்தோம்.

தேர் எப்படி இருந்தது என்று கேட்டாள். மழை, சனம், சாமிக்குச் சாத்திய பச்சைப்பட்டு எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி எந்தத் திருவிழா வந்தாலும் தள்ளிவைக்கப் போவதில்லை என்றாள். வந்தால் வீட்டில் இருப்பாளாம், இங்கிருந்தே கும்பிடுவாளாம்.

"பிள்ளையை அவர் தந்தாலும் சரி, தராட்டிலும் சரி. அது அவரின்ரை பாடு" என்றாள். "நான் பூட்டேல்லை. அது போதும், அக்கா."

ஜெயரத்தினம் வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். போகிற வழியில் அவள் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார். நான் கீழே இறங்கி வந்து, கிருஷ்ணகுமாரியின் ஊறுகாய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வேகமாகக் குசினிக்குப் போகும் அவள் காலடி.